போர் விளையாட்டும் மனச்சாட்சியும்

'விளையாட்டு விளையாட்டுத்தானே' என்று பேசுவோர் என்றும் உளர். பெண் குழந்தை பொம்மைக்குச் சோறூட்டுவதையும், சிறுவன் பூவரசந் தடியொன்றைத் துப்பாக்கியெனத் தோளிற் சாத்திக்கொள்வதையும் கண்டு முறுவலித்துவிட்டு அப்பாற் செல்வது முதியோர் இயல்பு. ஆயின் விளையாட்டு எக்காலத்திலும் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. தான் பிறந்த சமுதாயம் எதனை மதிக்கிறது, எதனை வெறுக்கிறது, எதனைக் கண்டும் காணாது விடுகிறது என்பவற்றைக் குழந்தை கற்றுக்கொள்ளும் முதற் பள்ளிக்கூடங்களில் விளையாட்டும் ஒன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலிற் சிறுவர் விளையாட்டுக்களைப் பற்றிப் பேசுகிறார். விளையாட்டின் விதிகளை மாற்றிப் பழகிய சிறுவர், வளர்ந்தபின் நாட்டின் சட்டங்களையும் மாற்ற முனைவர் என அவர் அஞ்சினார். மாற்றத்தைக் கண்டு அஞ்சும் அவரது பழைமைவாதம் நமக்கு உடன்பாடன்று. எனினும் விளையாட்டின் விதிகளுக்கும் சமுதாயத்தின் விதிகளுக்கும் இடையே உறவு உண்டென அவர் கண்டமை உண்மையே.

இவ்வுறவை ஆராய்வதற்குப் பொருத்தமான ஒரு விளையாட்டு, வீட்டுக் கணினிகள் முதன்முதலாகப் பரவத் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவிலே தோன்றியது. 'எஃப்-15 ஸ்ட்ரைக் ஈகிள்' என்பது அதன் பெயர். மேரிலாந்து மாநிலத்தில் இயங்கிய 'மைக்ரோபுரோஸ்' என்னும் நிறுவனம் அதனை 1984 இல் வெளியிட்டது. அட்டாரி, கொமடோர் 64 முதலிய கணினிகளில் அது ஓடியது. கொமடோர் 64 இன் நினைவகம் அதன் பெயர் சுட்டுவது போலவே 64 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கப்படும் ஒரு நிழற்படத்திற்கே அதனைப் போலப் பன்மடங்கு இடம் வேண்டும். அத்துணைச் சிறிய இடத்திற்குள் ஒரு போர்விமானத்தையும், அதன் கருவிகளையும், எதிரியின் வானத்தையும் அடக்கிய திறமை வியக்கத்தக்கது. விளையாட்டுப் பெரும் வணிக வெற்றி பெற்றது. 1989 இலும் 1992 இலும் அதன் வழித்தோன்றல்கள் வெளிவந்தன.

அதனை அறியாதார் பொருட்டு அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். விளையாடுபவன் விமானியின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். கண்ணெதிரே வேகமும் உயரமும் திசையும் ஒளியெழுத்துக்களாய் மிதக்கின்றன. அதன் கீழே மூன்று திரைகள்: பணிக்குரிய நாட்டின் வரைபடம் ஒன்று, எதிரி விமானங்களையும் ஏவுகணைகளையும் காட்டும் ரேடார் ஒன்று, கைவசமுள்ள படைக்கலங்களைக் காட்டுவது ஒன்று. வெப்பத்தை நாடிப் பாயும் ஏவுகணை, ரேடார் வழிகாட்டும் ஏவுகணை, குண்டு ஆகியன அவனிடம் உண்டு. தன்மீது ஏவுகணை பாய்ந்தால் அதனை ஏமாற்றும் வழிகளும் உண்டு. எரிபொருள் குறைந்துகொண்டே போகும். குறித்த இலக்கை அழித்துத் தளத்திற்கு மீளவேண்டும். கற்றுக்குட்டிக்கு ஒரு படி, தேர்ந்தவனுக்கு ஒரு படி எனக் கடினத்தின் படிகளும் வகுக்கப்பட்டிருந்தன. வீழ்த்திய விமானங்களும் அழித்த தரையிலக்குகளும் கணக்கிடப்பட்டன.

இப்பணிகள் கற்பனை நாடுகளில் நிகழவில்லை என்பதே நாம் முதலில் மனங்கொள்ளத்தக்கது. லிபியா, சிரியா, ஈராக், பாரசீக வளைகுடா, வியட்நாமின் ஹைபோங், ஹனோய் என உலக வரைபடத்தில் உள்ள பெயர்களே பணிகளின் பெயர்களாயின. அவை யாவும் ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்தவை. குண்டு வீசுபவன் ஒரு கண்டத்தவன்; குண்டு விழும் நிலம் வேறு கண்டங்களைச் சேர்ந்தது. இது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. விளையாட்டை ஆக்கியோர் தீயவர் என்பதும் இதன் பொருளன்று. அவர்கள் வாழ்ந்த நாடு உலகை எவ்வாறு கண்டதோ அவ்வாறே அவர்களும் கண்டனர்.

இந்நிறுவனம் பிறந்த கதை சுவையானது. நமது ஆராய்ச்சிக்குப் பயனும் உடையது. சிட் மையர் என்னும் கணினி நிரலாளரும், அமெரிக்க விமானப்படையிற் பணியாற்றிய பில் ஸ்டீலி என்பவரும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். 1982 இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கூட்டமொன்றுக்குச் சென்றபோது, நாணயமிட்டு ஆடும் விமானப்போர் விளையாட்டொன்றில் இருவரும் போட்டியிட்டனர். உண்மை விமானத்தை ஓட்டிய ஸ்டீலி தோற்றார், மையர் வென்றார். காரணம் கேட்டபோது, பொறி எந்த ஒழுங்கில் எதிரிகளை அனுப்புகிறது என்பதைக் கவனித்து மனங்கொண்டதாக மையர் கூறினாராம். இதனைவிடச் சிறந்ததொரு விளையாட்டைத் தாமே ஆக்கலாம் என்ற பேச்சிலிருந்து 'மைக்ரோபுரோஸ்' பிறந்தது. விமானி வானத்தைப் பார்த்தார். நிரலாளர் விதியைப் பார்த்தார். வானம் போலத் தோன்றுவது உண்மையில் எவரோ ஒருவர் எழுதிய விதிகளின் தொகுதி என்பதே இக்கதை உணர்த்தும் செய்தி. விதிகள் எழுதப்பட்டவை என்றால், அவற்றில் எது எண்ணப்பட்டது, எது எண்ணப்படாது விடப்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

போரும் விளையாட்டும் உறவாடுவது புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டங்களில் நிறுத்தி ஆடும் சதுரங்கம் நம் பக்கத்து நிலத்திலே தோன்றியது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும் உருவாக்கிய போர் விளையாட்டு 1824 முதல் அந்நாட்டு இராணுவ அதிகாரிகளின் பயிற்சியிற் புகுந்தது. விமானப் பயிற்சிப் பொறியின் வரலாறோ இன்னும் விசித்திரமானது. எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையிற் காற்றுத்துருத்திகளைக் கையாண்டு பெற்ற அறிவைக் கொண்டு, நிலத்திலிருந்தே பறக்கப் பழகும் பொறியொன்றை 1929 இல் ஆக்கினார். தொடக்கத்தில் அதனை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934 இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் விபத்தில் மாண்டபின்னரே இராணுவம் அதனை வாங்கியது. கேளிக்கைப் பொருள் போர்ப் பொருளாயிற்று.

ஐம்பது ஆண்டுகளின் பின் அதே பாதை மீண்டும் திறந்தது. 'பற்றில்சோன்' என்னும் தாங்கிப்போர் விளையாட்டை, படைவீரர் பயிற்சிக்கு ஏற்பத் திருத்தித் தருமாறு அமெரிக்க இராணுவத்தின் சார்பில் அட்டாரி நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. 1981 இல் மாதிரிப் பொறி ஆக்கப்பட்டது. மூல விளையாட்டை ஆக்கிய எட் ரொட்பேர்க் இவ்வேலையை விரும்பாது மறுப்புத் தெரிவித்தார். எனினும் இறுதியில் அவரே அதனைச் செய்ய நேர்ந்தது. 1983 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரேகன், திரை விளையாட்டுக்களிற் சிறுவர் பெறும் கண், கைத் திறன் அவர்களைச் சிறந்த விமானிகளாக்கும் என்று விமானப்படை நம்புவதாகப் பொதுமேடையிற் பாராட்டிப் பேசினார். அதற்கு மறு ஆண்டில் வெளிவந்ததே நாம் ஆராயும் விளையாட்டு. ஆதலின் 'விளையாட்டு விளையாட்டுத்தானே' என்னும் கூற்றை ஏற்காதவர்கள் நாம் மட்டுமல்லர். அரசுகளும் படைகளும் அதனை ஒருபோதும் ஏற்றதில்லை.

எனினும் நேர்மையுள்ள எதிர்வாதங்களை நாம் எதிர்கொள்ளாது விடலாகாது. சதுரங்கத்தில் யானையை வெட்டுகிறவன் கொலைகாரன் அல்லன்; விளையாட்டு விமானத்தில் குண்டு வீசுகிறவனும் அவ்வாறே எவரையும் கொல்லவில்லை; எவரும் இறவாத இடத்தில் ஒழுக்கப் பிரச்சினை எங்கே எழுகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓர் எல்லைவரை அதற்கு நாம் இணங்கவே வேண்டும். இவ்விளையாட்டை ஆடிய இலட்சக்கணக்கான சிறுவர் கொடியவர்களாகிவிடவில்லை. அவர்களுட் பலர் பின்னாளிற் போரை வெறுத்தோராகவும் இருந்திருப்பர். விமானம் ஏன் பறக்கிறது, எரிபொருள் எவ்வாறு தீர்கிறது, ஹைபோங் எங்கே உள்ளது என்பவற்றை அவர்கள் இதன்மூலம் அறிந்ததும் உண்டு. பறத்தலின் இன்பம் மனிதனின் தொன்மையான கனவு. அதனைக் குற்றமென்பார் எவருமிலர். விளையாட்டு கொலையைத் தூண்டுகிறது என்னும் எளிய குற்றச்சாட்டை நாம் சுமத்தவில்லை.

ஆயினும் சதுரங்க உவமை இங்கே பொருந்தாது. சதுரங்கப் பலகையிலுள்ள கட்டத்திற்குப் பெயரில்லை. கறுப்பு அரசனுக்கு நாடில்லை. அவனது காலாளுக்குத் தாய் இல்லை. போர் என்னும் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பொருளைச் சதுரங்கம் துறந்துவிட்டது. 'எஃப்-15' அவ்வாறு துறக்கவில்லை. ஹனோய் என்னும் பெயரை அது கேட்டு வாங்கிக்கொண்டது. பெயரினால் வரும் விறுவிறுப்பையும் பெற்றுக்கொண்டது. ஹனோய் என்னும் நகரில் வாழும் மக்களை மட்டும் வாங்க மறுத்தது. பெயரை எடுத்துக்கொண்டவன் பெயருக்குரியோர்பால் கடமையும் பெறுகிறான். ஒழுக்கப் பிரச்சினை எழுவது இவ்விடத்திலேதான்.

ஹனோயில் 1972 இல் நிகழ்ந்தது யாது? அவ்வாண்டு டிசெம்பர் 18 முதல் 29 வரை பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அந்நகரையும் ஹைபோங்கையும் தாக்கின. டிசெம்பர் 22 இல் பாக் மாய் மருத்துவமனை குண்டுக்கு இரையானது. 26 ஆம் நாள் இரவு, மக்கள் நெருங்கி வாழ்ந்த காம் தியென் வீதி இடிந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஹனோயிலும் ஹைபோங்கிலும் 1,600 இற்கு மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர் என வட வியட்நாம் அரசு கணக்கிட்டது. இவை யாவும் நடந்து பன்னிரண்டு ஆண்டுகளே கழிந்த நிலையில், காயம் ஆறாத அப்பெயர் கடையிற் பெட்டியில் அடைத்து விற்கப்படும் பொருளாயிற்று.

வேறொரு செய்தியும் உண்டு. உண்மையான எஃப்-15 விமானம் 1972 யூலை இறுதியிலேதான் முதன்முறையாகப் பரீட்சார்த்தமாகப் பறந்தது. அமெரிக்கப் போர்ப்படையணியில் அது சேர்ந்தது 1976 இல். வியட்நாமில் அது ஒருநாளும் போரிடவில்லை. வானோட்டத்தின் நுணுக்கங்களில் உண்மைக்கு நெருங்க முயன்ற விளையாட்டு, வரலாற்றில் மட்டும் ஏன் இத்துணை தாராளமாக நடந்துகொண்டது? ஓர் ஏழை விவசாய நாட்டிடம் வல்லரசு அடைந்த தோல்வியை மறக்கமுடியாத ஒரு காலம் அது. கையில் இல்லாதிருந்த விமானத்தை அக்களத்திற்கு அனுப்பி, தோற்ற போரைத் திரையில் மீண்டும் வெல்லும் ஆசை இங்கே தலைகாட்டுகிறது எனக் கருத இடமுண்டு. ஏகாதிபத்தியம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று.

ஈராக்கையும் நோக்குவோம். 1981 யூன் 7 இல் இஸ்ரேலிய விமானங்கள் பக்தாத்துக்கு அருகிலிருந்த அணு உலையைத் தாக்கின. அவற்றுக்குக் காவலாகச் சென்றவை எஃப்-15 விமானங்களே. பத்து ஈராக்கியப் படையினரும் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒருவரும் இறந்தனர். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை இத்தாக்குதலை ஏகமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் அத்தீர்மானத்துக்கு வாக்களித்தது. உலகின் சபை ஒன்றுகூடிக் கண்டித்த வகைச் செயல், மூன்றாண்டுகளில் ஒரு சிறுவனின் மாலைநேரப் பணியாயிற்று. செயல் நியாயமா என்னும் கேள்வி விளையாட்டின் விதிகளில் இல்லை. இலக்கு வீழ்ந்ததா, விமானி மீண்டானா என்னும் இரண்டு கேள்விகளே உண்டு.

இங்கே 'உண்மை போன்றது' என்னும் சொல்லை ஆராய்வது அவசியமாகிறது. இத்தகைய விளையாட்டுக்களின் பெருமையாகப் பேசப்பட்டது அவற்றின் யதார்த்தமே. இலக்கியத்தில் இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் பிரித்துணரப் பழகிய நம் வாசகருக்கு இதனை விளக்குவது கடினமன்று. மலையகத்தைப் பற்றி எழுதப் புகுந்த ஒருவன், துரையின் பங்களாவிலுள்ள மேசைவிரிப்பின் மடிப்பையும் தேநீர்க் கோப்பையின் மினுக்கத்தையும் அணுவும் பிசகாது வருணித்துவிட்டு, லயத்தில் வாழ்வோரைப் பற்றி ஒரு வரியும் எழுதாது விடுவானாயின், அவன் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் முழுவதும் பொய். கோப்பைக்கும் கொழுந்துக்கும் உள்ள உறவை மறைத்தமையால் அது பொய்யாகிறது. யதார்த்தம் என்பது பொருள்களின் தோற்றத்தைப் பிரதிசெய்வதன்று. மனிதர்க்கிடையே உள்ள உறவுகளைப் புலப்படுத்துவது. எஃப்-15 விளையாட்டு கருவிப்பலகையின் இயற்பண்புவாதம். பொத்தான் உண்மை, ஏவுகணையின் பெயர் உண்மை, எரிபொருளின் கணக்கும் ஏறத்தாழ உண்மை. குண்டு விழுந்த இடத்தில் நின்றவன் மட்டும் இல்லை.

அக்காலக் கணினிகளின் சிற்றாற்றலே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறலாம். 64 கிலோபைட்டுக்குள் விமானத்தை அடக்குவதே அரிது; மனிதர்க்கு இடமேது? கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விடை உண்மையன்று. 1980 இல் அட்டாரி நிறுவனத்தின் டேவ் தொய்ரர் ஆக்கிய 'மிசைல் கொமாண்ட்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் விளையாடுபவன் குண்டு வீசுவதில்லை. வானிலிருந்து பொழியும் ஏவுகணைகளிலிருந்து ஆறு நகரங்களைக் காக்கிறான். எவ்வளவு திறமையுடன் ஆடினும் தாக்குதல் மேலும் மேலும் கடுமையாகும். இறுதியில் நகரங்கள் அழிந்தே தீரும். அணுவாயுதப் போரில் வெற்றியாளன் இல்லை என்பதை அவ்விளையாட்டு விதியாகவே எழுதிவிட்டது. கொமடோர் 64 ஐ விடப் பன்மடங்கு சிறிய நினைவகமுடைய வீட்டுப் பொறியிலும் அது ஓடியது. ஆகவே மேலிருந்து பார்ப்பதா, கீழிருந்து பார்ப்பதா என்பதைப் பொறியின் ஆற்றல் தீர்மானிக்கவில்லை, மனிதரே தீர்மானித்தனர்.

இதுவரை விளையாட்டைக் குறைகூறினோம். இனி அதற்குச் சார்பாக ஓர் உண்மையையும் கூறவேண்டும். அவ்வுண்மையே எல்லாவற்றிலும் கசப்பானது. கீழே உள்ள மனிதனைக் காட்டாதது விளையாட்டின் பொய் என்றோம். ஆயின் உண்மையான விமானியும் அவனைக் காண்பதில்லை. அவனுக்கும் தெரிவன ஒளியெழுத்துக்களும் குறிகளுமே. இந்த ஒரு வகையில் விளையாட்டு நவீனப் போரை மிகச் சரியாகவே பிரதிசெய்தது. வாளேந்தியவன் தான் வெட்டியவனின் கண்ணைக் கண்டான். துப்பாக்கி அத்தூரத்தைப் பெருக்கியது. விமானம் அவனை முற்றாகவே மறைத்தது. கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் இடையே பொறியொன்று நுழைந்து, செயலின் விளைவைச் செய்தவனிடமிருந்து பிரித்துவிட்டது.

ஜேர்மன் மெய்யியலாளர் குந்தர் அண்டர்ஸ் இப்பிரிவையே தம் சிந்தனையின் மையமாகக் கொண்டவர். நம்மால் ஆக்கவும் அழிக்கவும் முடிந்தது மிகப் பெரிது. அதன் விளைவை மனக்கண்ணிற் காணும் நமது ஆற்றலோ மிகச் சிறிது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிளவே நம் காலத்தின் ஒழுக்கப் பிரச்சினை என அவர் வாதித்தார். 1945 ஓகஸ்ட் 6 காலை, ஹிரோஷிமாவின் வானிலையை முன்சென்று பார்த்து, குண்டு வீசுவதற்கு ஏற்றதென அறிவித்த விமானத்தின் தலைவர் குளோட் ஈதர்லி. அவர் குண்டு வீசவில்லை. வீசப்பட்டபோது அங்கே இருக்கவுமில்லை. எனினும் பின்னாளிற் குற்றவுணர்வு அவரைப் பீடித்தது. மனநோய் மருத்துவமனையில் அவர் இருந்தபோது, 1959 இல் அண்டர்ஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர்களின் கடிதங்கள் 1961 இல் நூலாக வெளிவந்தன. தான் காணாத மக்களுக்காகத் தன்னைப் பொறுப்பாளியாக்கிக்கொண்ட ஈதர்லியை உலகம் நோயாளி என்றது; அண்டர்ஸ் அவரிடத்தே நலமுள்ள மனச்சாட்சியைக் கண்டார்.

இந்த அளவுகோலை விளையாட்டின்மீது வைத்துப் பார்ப்போம். அச்சிறுவன் குற்றவாளி அல்லன். அவன் எதனைச் செய்யப் பழகுகிறான் என்பதைவிட, எதனைக் கேளாதிருக்கப் பழகுகிறான் என்பதே முக்கியம். அறியாமை வேறு, அறியாதிருக்கப் பழகுதல் வேறு. முன்னையது எவருக்கும் உரியது, கல்வியாற் போக்கக்கூடியது. பின்னையது தானே ஒரு கல்வி. 'அந்த முக்கோணக் குறிக்குக் கீழே யார்?' என்னும் வினா எழாதவாறு மாலைதோறும் மனத்தைப் பயிற்றுதல், அதுவும் இன்பத்தினாற் பயிற்றுதல், சிறு செயலன்று. அச்சிறுவர்களுள் மிகச் சிலரே விமானிகளாவர். ஆயின் யாவரும் குடிமக்களாவர், வாக்காளராவர், தொலைக்காட்சியின் முன் அமர்ந்து தம் அரசு நடத்தும் போரைக் காண்பர்.

அந்நாளும் விரைவில் வந்தது. 1986 ஏப்பிரலில் அமெரிக்க விமானங்கள் லிபியாவின் திரிப்போலியையும் பெங்காசியையும் தாக்கியபோது, திரிப்போலியின் குடியிருப்புப் பகுதியிலும் குண்டுகள் வீழ்ந்தன. 1991 வளைகுடாப் போரில், கட்டடமொன்றின் மீது குறிக்கோடுகள் குவிந்து, அது ஓசையின்றி வெடிக்கும் காட்சிகளை உலகம் முழுவதும் தொலைக்காட்சியிற் கண்டது. 'கணினி விளையாட்டுப் போல' என்று அன்று பலர் கூறினர். விளையாட்டு போரைப் போலிருந்த காலம் போய், போர் விளையாட்டைப் போலத் தோன்றும் காலம் வந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 13 ஆம் நாள் விடியுமுன், எஃப்-117 விமானங்கள் வீசிய இரு குண்டுகள் பக்தாத்தின் அமிரியா பதுங்கிடத்தின் கூரையைத் துளைத்து உட்சென்றன. உள்ளே உறங்கிய பொதுமக்கள் நானூறு பேருக்கு மேல் இறந்தனர்; அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அஃது இராணுவக் கட்டளை நிலையம் எனத் தாம் கருதியதாக அமெரிக்கத் தரப்பினர் கூறினர். மேலிருந்து பார்த்த கண்ணுக்கு அது ஓர் இலக்கு. கணக்கில் ஒரு புள்ளி. 'எஃப்-15' ஐ வெளியிட்ட அதே நிறுவனம், ரேடாருக்குப் புலப்படாத அவ்வகை விமானத்தையும் அது இரகசியமாயிருந்த காலத்திலேயே 'எஃப்-19' எனக் கற்பனைப் பெயரிட்டு 1988 இல் விளையாட்டாக்கியிருந்தது. 1991 இல் உண்மைப் பெயருடன் அது மீண்டும் வெளிவந்தது.

நம் வாசகரிற் பலருக்கு இவ்விடயத்தில் எவரும் விளக்கவுரை கூறவேண்டியதில்லை. விமான இரைச்சல் கேட்டதும் பாடப்புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை இங்கு இன்னும் வாழ்கிறது. விமானி கண்ட வரைபடம் எதுவென்று அவர்கள் அறியார். ஆயின் வரைபடத்தில் இல்லாதது எதுவென்று அறிவர். கீழே நின்றோரின் அனுபவமும் ஓர் அறிவே. உலகில் விற்பனையாகும் போர் விளையாட்டுக்களில் மிக அரிதாகவே அவ்வறிவு இடம்பெற்றிருக்கிறது.

இனிச் செய்யத்தக்கது யாது? தடைசெய்தல் ஒரு வழி. 'ரிவர் றெயிட்' என்னும் விமான விளையாட்டை, சிறுவரிடத்தே இராணுவ மனப்பான்மையை வளர்ப்பதெனக் கூறி, 1984 இல் மேற்கு ஜேர்மனியின் இளைஞர் பாதுகாப்பு அதிகார சபை தடைப் பட்டியலிற் சேர்த்தது. இரு உலகப் போர்களின் சாம்பலில் எழுந்த அந்நாட்டின் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயின் அதே காலத்தில் அதே மண்ணில் உண்மையான ஏவுகணைகள் நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்தன. பொம்மையைப் பறித்துவிட்டுப் படைக்கலத்தை வைத்திருத்தல் அறமாகாது. மேலும், தடை கேள்வியை எழுப்புவதில்லை; அதுவும் ஒரு மறைப்பே.

மற்றைய வழி விதிகளை மாற்றி எழுதுதல். உருகுவே நாட்டவரான கொன்சாலோ பிராஸ்கா 2003 இல் ஆக்கிய 'செப்டெம்பர் 12' என்னும் சிறு விளையாட்டில், மத்திய கிழக்கு நகரொன்றின்மீது ஏவுகணை வீசலாம். ஆயின் இறந்த பொதுமக்களுக்காக அழுவோர் எழுந்து ஆயுதம் ஏந்துவோராக மாறுவர். வீச வீச எதிரி பெருகுவான். 2014 இல் போலந்து நாட்டு நிறுவனமொன்று வெளியிட்ட 'திஸ் வோர் ஒவ் மைன்', சரயேவோ முற்றுகையின் நினைவிலிருந்து பிறந்தது. அதில் விளையாடுபவன் வீரன் அல்லன். முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் மருந்தும் விறகும் தேடி அலையும் பொதுமக்களுள் ஒருவன். இவையும் விளையாட்டுக்களே. ஆசனம் மாறியதும் அறமும் மாறிற்று.

ஆயின் நமது ஆசிரியர்களும் மாணவர்களும் நிரலாளர்களாகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய 'எஃப்-15' ஐ இன்றும் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அதன் நேர்ப்பேரர்களோ மாணவரின் கைத்தொலைபேசிகளிலேயே உள்ளன. அவற்றை வகுப்பறைக்கு வெளியே துரத்துவதாற் பயனில்லை. வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஹைபோங் பணியை ஆடும் மாணவனிடம், அத்துறைமுகத்திற் சுமை தூக்கியவன் அன்று காலை என்ன உண்டிருப்பான் என்று கேட்கலாம். பௌதிக ஆசிரியர் குண்டின் வீழ்பாதையைக் கணித்துக் காட்டியபின், பாதை முடியும் புள்ளியில் உள்ள தெருவின் பெயரையும் கேட்கலாம். காம் தியென் என்னும் பெயரை அறிந்த மாணவன் அதன்பின்னும் அவ்விளையாட்டை ஆடக்கூடும். ஆடட்டும். கருவிப்பலகையின் கீழே ஒரு வீதி இருப்பதை இனி அவன் மறக்க இயலாது.

விளையாட்டில் வீசிய குண்டுக்காக எவரையும் நாம் கூண்டில் ஏற்றவேண்டியதில்லை. விளையாட்டு எழுப்பாது விட்ட கேள்வியை எழுப்பும் பொறுப்பு மட்டுமே நம்முடையது. குண்டுகள் யாரால் ஆக்கப்படுகின்றன, யாருடைய இலாபத்திற்காக ஆக்கப்படுகின்றன, யாருடைய கூரைமீது விழுகின்றன என்னும் கேள்விகளை வகுப்பறையிற் கேட்கப் பழகிய மாணவன், நாளை தன் அரசு ஒரு வரைபடத்தை விரித்து இலக்கொன்றைச் சுட்டும்போதும் அதே கேள்விகளைக் கேட்பான். அவற்றுக்கு விடை கூறாது குண்டு வீசுவது அன்று எந்த அரசுக்கும் எளிதாக இராது.